2147483647 முதன்மை எண்தானா? ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு நீங்களே சோதிக்கும் வழி

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹட்டன் பக்கம் நான் எடுக்கும் கணித வகுப்புக்கு வரும் உயர்தர மாணவி ஒருத்தி ஒரு நாள் கேட்டாள்: "சேர், இந்த 2147483647 ஏன் கம்ப்யூட்டர்ல எங்க பார்த்தாலும் வருது?" அதற்கான பதில் எளிது, பின்னால் சொல்கிறேன். அடுத்து அவள் கேட்டதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. "இது முதன்மை எண்ணாமே, அதை யார் எப்படிக் கண்டுபிடிச்சாங்க? அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் இல்லையே?"

இல்லைதான். 1772இல், ரஷ்யாவின் சென் பீட்டர்ஸ்பர்க் நகரில், கண்பார்வை ஏறக்குறைய முழுதாகப் போய்விட்டிருந்த ஆய்லர் என்ற கணித அறிஞர் இதை நிறுவிக் காட்டிவிட்டார். அவர் போன வழியிலேயே நீங்களும் போகலாம். ஒரு சீ.ஆர். கொப்பி, ஒரு பேனை, போனில் இருக்கும் சாதாரணக் கல்குலேட்டர் போதும், கரண்ட் போன மழைக்கால இரவுகளில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் செய்யக்கூடிய வேலைதான். சாதாரண தரக் கணிதம் தெரிந்தால் தாராளம்.

எங்கள் பாடப்புத்தகங்களில் முதன்மை எண் என்று இருப்பதைத்தான் தமிழ்நாட்டில் பகா எண் என்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் காலைப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, 30 பேர் வந்தால் கங்காணி அவர்களை ஐந்தைந்து பேராகவோ ஆறாறு பேராகவோ சமமாகப் பிரித்து வேறு வேறு மலைக்கு அனுப்பலாம். 31 பேர் வந்துவிட்டால் அந்தக் கதை நடக்காது. ஒன்றில் எல்லாரும் ஒரே மலைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் ஆளுக்கொரு மலை. 31 முதன்மை எண் என்பதன் பொருள் அவ்வளவே. இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு பேர் பிரட்டுக்கு வந்தாலும் இதே சிக்கல்தான் வரும் என்பதை நாம் நிறுவ வேண்டும்.

முதலில் எண்ணோடு பழகுங்கள்

2ஐ 31 தடவை எழுதிப் பெருக்கி வருவதை 2^31 என்று எழுதுவோம், அதாவது 2இன் 31ஆம் வலு. அதில் ஒன்றைக் கழித்தால் நம்முடைய எண். இன்னொரு மாதிரியும் இதைப் பார்க்கலாம். 31 நாள் உள்ள ஒரு மாதத்தில் முதல் நாள் 1 கிலோ தேயிலைத்தூள், அடுத்த நாள் 2, அதற்கடுத்த நாள் 4 என்று தினமும் இரட்டித்துக்கொண்டே போனால் மாதக் கடைசியில் மொத்தம் சரியாக 2147483647 கிலோ இருக்கும். இலங்கை முழுதும் ஏழெட்டு வருடம் உற்பத்தி செய்யும் தூளின் அளவு அது.

இந்த இரட்டிப்பை வெறும் கதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாம் செய்யப்போகும் சோதனை முழுவதும் இரட்டிப்பின் மேல்தான் நிற்கிறது. 1, 2, 4, 8 என்று கொப்பியின் முதல் பக்கத்தில் 2^31 வரை கையால் எழுதிவிடுங்கள், திரும்பத் திரும்பத் தேவைப்படும். 2^10 என்பது 1024, 2^16 என்பது 65536, 2^20 என்பது 1048576. இந்த மூன்றும் சரியாக வந்தால் மீதியும் சரியாகவே வரும்.

2இன் வலுவில் ஒன்று குறைந்த முதன்மை எண்களுக்கு மெர்சென் முதன்மை எண்கள் என்று பெயர். மெர்சென் பிரான்ஸைச் சேர்ந்த துறவி. 1644இல் எந்தெந்த வலுக்கள் முதன்மை எண் தரும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 31 இருந்தது, சரிதான். ஆனால் 67உம் இருந்தது, அது பிழை. அந்தப் பிழையான எண்ணுக்குக் காரணிகளைக் கண்டுபிடித்தது 1903இல், கோல் என்ற அமெரிக்கர்: 193707721 × 761838257287. பெரிய ஆள் சொல்லிவிட்டார் என்று நம்பிவிடாமல் சோதித்துப் பார்ப்பது ஏன் என்று என் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

எதுவரை வகுத்துப் பார்க்க வேண்டும்?

வர்க்கமூலம் வரை. ஒரு எண்ணை இரண்டு காரணிகளாகப் பிரித்தால், இரண்டுமே வர்க்கமூலத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது. நம் எண்ணின் வர்க்கமூலம் 46340 சொச்சம். ஆக 46340 வரையுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்து ஒன்றாலும் மீதியில்லாமல் வகுபடவில்லை என்றால் வேலை முடிந்தது.

ஆனால் அந்த எல்லைக்குள் நாலாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட முதன்மை எண்கள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு 20 செய்தாலும் எட்டு மாதம் ஆகும். இங்கேதான் நிறையப் பேர் கொப்பியை மூடிவிடுகிறார்கள். மூட வேண்டாம், அடுத்த பகுதியை மட்டும் இரண்டு தடவை நிதானமாக வாசியுங்கள், ஏனென்றால் இந்த முழு விடயத்தின் அழகும் அதற்குள்தான் இருக்கிறது.

எந்த எண்களால் வகுத்தால் போதும்?

ஒரு மலையில் இன்று கொழுந்து பறித்தால் ஏழெட்டு நாள் கழித்துத் திரும்பவும் அதே மலைக்கு வருவோம், அதைத் தோட்டத்தில் ரவுண்டு என்போம். இரட்டிப்புக்கும் அப்படி ஒரு ரவுண்டு உண்டு. 7ஆல் வகுத்து மீதியை மட்டும் பாருங்கள்: 1, 2, 4, அடுத்தது 8, அதன் மீதி 1. மூன்று எட்டில் (எட்டு என்று நான் சொல்வது காலடியை, 8ஐ அல்ல) தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். விட்டுப்போன 3இல் தொடங்கினால் 3, 6, 5, திரும்ப 3. முதல் ரவுண்டை அப்படியே 3ஆல் பெருக்கியதுதான் இரண்டாவது ரவுண்டு, அதனால் அதுவும் மூன்று எட்டுத்தான். 7ஆல் வகுத்தால் வரக்கூடிய பூச்சியமில்லாத மீதிகள் மொத்தம் ஆறு, அவை மூன்று மூன்று பேராக இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிட்டன.

2ஐத் தவிர எந்த முதன்மை எண்ணை எடுத்தாலும் இதுதான் நடக்கும். முதன்மை எண்ணை க என்று வைத்தால் மீதிகள் க−1 பேர், எல்லாரும் ஒரே அளவான கூட்டங்களாகப் பிரிவார்கள், ஆகவே ரவுண்டின் நீளம் க−1ஐ மீதியில்லாமல் வகுக்கும். ஃபெர்மா 1640இல் சொன்ன சிறிய தேற்றத்தின் உயிர் இதுதான். எனக்கு இதைப் பாடசாலையில் யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை, வெறும் சூத்திரமாகத்தான் வந்து சேர்ந்தது. அதனால்தான் இதில் இவ்வளவு நேரம் நிற்கிறேன்.

இப்போது நம் எண்ணுக்கு வாருங்கள். க என்ற முதன்மை எண் 2147483647ஐ மீதியில்லாமல் வகுக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2^31ஐ கவால் வகுத்தால் மீதி 1. அதாவது 31 எட்டு வைத்தால் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடுகிறோம். 30 எட்டு என்றால் ரவுண்டின் நீளம் 5ஆகவோ 6ஆகவோ 10ஆகவோ இருந்திருக்கலாம், ஆனால் 31 முதன்மை எண் என்பதால் நீளம் ஒன்றில் 1, இல்லையென்றால் 31. ஒரே எட்டில் 1இலிருந்து 2க்குப் போய் அதுவே 1 ஆக முடியாது. ஆகவே ரவுண்டின் நீளம் 31. அப்படியென்றால் 31 க−1ஐ வகுக்கிறது. க ஒற்றை எண் என்பதால் க−1 இரட்டை எண். எனவே க−1 என்பது 62இன் மடங்கு.

இந்த ஒரே தட்டில் 62, 124, 186, 248... இவற்றோடு 1 கூட்டிய எண்கள் தவிர மற்ற எல்லாம் விழுந்துவிட்டன.

இன்னும் ஒரு சல்லடை உண்டு. 2^31இன் மீதி 1 என்றால் 2^32இன் மீதி 2. ஆனால் 2^32 என்பது 65536இன் வர்க்கம். ஆக கவின் கணக்கில் 2 ஒரு வர்க்க எண். எந்த முதன்மை எண்களுக்கு 2 வர்க்கமாக வரும்? 7க்கு வரும் (3இன் வர்க்கம் 9, மீதி 2). 17க்கு வரும் (6இன் வர்க்கம் 36, மீதி 2). 23க்கு வரும் (5இன் வர்க்கம் 25, மீதி 2). 5, 11, 13 ஆகியவற்றுக்கு எவ்வளவு தேடினாலும் வராது. 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும் முதன்மை எண்களுக்கு மட்டும்தான் வரும் என்பது நிறுவப்பட்ட தேற்றம். அதன் நிறுவலை இங்கே எழுதினால் கட்டுரை இரண்டு மடங்காகிவிடும், இப்போதைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சல்லடையையும் ஒன்றாகப் போட்டால் மிஞ்சுவது இரண்டே வகை: 248இன் மடங்கோடு 1 கூட்டியவை, 248இன் மடங்கோடு 63 கூட்டியவை. ஆய்லர் பயன்படுத்தியதும் இதைத்தான்.

பட்டியல் போடுவது

1இல் தொடங்கி ஒரு தடவை 62, அடுத்த தடவை 186 என்று மாற்றி மாற்றிக் கூட்டிக்கொண்டே போங்கள். 63, 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303, 1489... கடைசியில் 46191 வரும், அதோடு நிறுத்துங்கள். 63ஐ 3 வகுக்கும் என்பதால் அதை விட்டால் பட்டியலில் 372 எண்கள் இருக்கும்.

அந்த 372இலும் பெரும்பாலானவை தாமே முதன்மை எண்கள் இல்லை. 249ஐ 3 வகுக்கும், 497ஐ 7 வகுக்கும், 559 என்பது 13 × 43. இவற்றை அடித்துவிடுங்கள், ஏனென்றால் 13ஆல் வகுபடாத எண் 559ஆல் எப்படி வகுபடும்? 5இல் முடிவதையும் இலக்கங்களின் கூட்டுத்தொகை 3இன் மடங்காக வருவதையும் முதலிலேயே தட்டிவிட்டால் பட்டியல் பாதியளவுக்கு இறங்கிவிடும். 1241 பார்ப்பதற்கு முதன்மை எண் மாதிரியே இருக்கும், நான் முதல் தடவை செய்தபோது அதையும் உட்கார்ந்து வகுத்தேன். அது 17 × 73. அடிக்காமல் விட்டாலும் விடை பிழைக்காது, நேரம்தான் வீணாகும். எல்லாம் அடித்து முடிந்தால் ஏறக்குறைய 80 எண்கள் மிஞ்சும். எட்டு மாத வேலை நாலைந்து இரவு வேலையாக வந்து நிற்கிறது.

வகுத்துப் பார்ப்பது

முதல் ஆள் 311. 2147483647ஐ நேரடியாக வகுக்கலாம், ஆனால் இரட்டிப்பு வழி இன்னும் சுருக்கம். மீதிகளை மட்டும் தூக்கிக்கொண்டு போங்கள்.

2^8 = 256. இது 311ஐவிட 55 குறைவு, ஆகவே −55 என்று எழுதுங்கள்.
2^16: −55இன் வர்க்கம் 3025. 311ஆல் வகுத்தால் மீதி 226, அதாவது −85.
2^24: −85 × −55 = 4675, மீதி 10.
2^31: 10 × 128 = 1280, மீதி 36.

1 வந்திருந்தால் 311 காரணி. 36 வந்திருக்கிறது, ஆகவே இல்லை. நம் எண்ணை 311ஆல் வகுத்தால் மீதி 35 என்றும் இதிலேயே தெரிந்துவிட்டது, கல்குலேட்டரில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: 311 × 6905092, அதோடு 35.

அடுத்தது 1303. இரட்டிப்பு வழியில் போனால் 2^31இன் மீதி 227. பிறகு 1489, அதற்கு 200. இந்த இரண்டையும் நீங்களே செய்து என் விடையோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் முறை கைக்கு வந்துவிட்டது, மிச்சம் பொறுமை மட்டும்தான்.

கல்குலேட்டரை நம்புவதில் ஒரு கவனம் தேவை. சில போன்களில் நீளமான எண்களைக் கடைசி இலக்கங்களை உருட்டிக் காட்டும், தசமத்தை வெட்டிவிடும். "வகுத்தேன், .0000 மாதிரி வந்தது" என்று யாரும் முடிவெடுக்கக் கூடாது. முழு எண் பகுதியை எடுத்து, திரும்பப் பெருக்கி, கழித்து, மீதியைக் கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கு எதிரிலும் மீதி இருக்க வேண்டும். அந்த மீதிகளின் வரிசைதான் உங்கள் நிறுவல், அது இல்லாமல் "செய்துவிட்டேன்" என்பது வெறும் வாய்ப்பேச்சு.

இந்தச் சல்லடை உண்மையிலேயே காரணியைப் பிடிக்கிறதா என்று சந்தேகம் வந்தால் 2^23−1ஐ எடுத்துப் பாருங்கள். இங்கே காரணிகள் 46இன் மடங்கோடு 1 கூட்டியவையாக இருக்க வேண்டும், முதல் எண்ணே 47. 2^5 = 32, அதாவது −15. 2^10: 225, மீதி 37, அதாவது −10. 2^20: 100, மீதி 6. 2^23: 48, மீதி 1. பிடிபட்டுவிட்டது! 8388607 = 47 × 178481. 23 முதன்மை எண் என்பதால் 2^23−1உம் முதன்மை எண்ணாகிவிடும் என்று நினைப்பது புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்யும் பிழை. வலு முதன்மை எண்ணாக இருப்பது தேவைதான், அது மட்டும் போதாது.

இன்னும் குறுக்கான பாதை

லூக்காஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1870களில் கண்டுபிடித்து, பிறகு லெமர் செம்மைப்படுத்திய சோதனை ஒன்று இருக்கிறது. இதில் காரணியே தேட வேண்டியதில்லை. 4இல் தொடங்குங்கள். வர்க்கித்து 2ஐக் கழித்து மீதி எடுங்கள், திரும்பத் திரும்ப. வலுவைவிட இரண்டு குறைவான தடவை செய்த பிறகு பூச்சியம் வந்தால் முதன்மை எண், வராவிட்டால் இல்லை.

127, அதாவது 2^7−1, இதற்கு ஐந்து தடவை. 4, பிறகு 14, பிறகு 194, அதன் மீதி 67. அடுத்து 67இன் வர்க்கம் கழித்தல் 2 என்றால் 4487. இங்கே ஒரு நல்ல சுருக்கு வழி: 128இன் மீதி 1 என்பதால் 4487ஐ 128களாகப் பிரியுங்கள். 35 தடவை போய் 7 மிஞ்சும், 35உம் 7உம் கூட்டினால் 42. அதுதான் மீதி. 9ஆல் வகுக்க இலக்கங்களைக் கூட்டுவோமே, அதே வித்தைதான். 42இலிருந்து 111, 111இலிருந்து 12319, அதில் 96 தடவை 128 போய் 31 மிஞ்சும், 96 + 31 = 127, அதாவது பூச்சியம். சரி, 127 முதன்மை எண்.

நம் எண்ணுக்கு இதை 29 தடவை செய்ய வேண்டும். 80 வகுத்தலைவிடக் குறைவுதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் பத்து இலக்க எண்ணை வர்க்கிக்க வேண்டும், ஓரிடத்தில் பிழைத்தால் கடைசியில் பூச்சியம் வராது, எங்கே பிழைத்தது என்றும் தெரியாது. கையால் செய்பவர்களுக்கு ஆய்லரின் வழியே நல்லது என்பது என் அபிப்பிராயம். கம்ப்யூட்டரில் செய்பவர்களுக்கு இது. 2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட மிகப்பெரிய முதன்மை எண் 2^136279841−1, அதில் 41024320 இலக்கங்கள் இருக்கின்றன. அதையும் இந்த 4, 14, 194 வித்தையால்தான் உறுதிப்படுத்தினார்கள்.

இந்த எண்ணிடம் வேறு என்ன இருக்கிறது?

மாணவியின் முதல் கேள்விக்கு வருகிறேன். துவித முறையில், அதாவது 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதினால் 2147483647 என்பது வரிசையாக 31 ஒன்றுகள். கம்ப்யூட்டரில் ஒரு முழு எண்ணுக்கு 32 இடம் ஒதுக்கி, ஓர் இடத்தைக் கூட்டல் கழித்தல் குறிக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் 31. அந்த 31 இடத்திலும் கொள்ளக்கூடிய ஆகப் பெரிய எண் இது. 2014இல் கங்னம் ஸ்டைல் பாடலைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை யூடியூபில் இதைத் தாண்டியபோது எண்ணும் கருவியையே பெரிதாக்க வேண்டி வந்தது. 1970 ஜனவரி 1இலிருந்து வினாடிகளை எண்ணும் பழைய கம்ப்யூட்டர்கள் 2038 ஜனவரி 19ஆம் திகதி, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு இந்த எண்ணைத் தொடும், அதற்கு மேல் எண்ண இடம் இருக்காது. தைப்பொங்கல் முடிந்த சில நாளில், ஒரு செவ்வாய்க்கிழமை.

இந்த எண்ணை 2^30ஆல் பெருக்கினால் 2305843008139952128. இது நிறைவெண், அதாவது தன்னைத் தவிர்ந்த தன் வகுத்திகள் எல்லாவற்றையும் கூட்டினால் தானே வரும், 6க்கும் 28க்கும் வருவது போல. 1811இல் பார்லோ என்ற ஆங்கிலேயர், இதைவிடப் பெரிய நிறைவெண்ணை இனி யாரும் தேடப்போவதில்லை, ஏனென்றால் இவற்றால் பயன் எதுவும் இல்லை என்று எழுதிவைத்தார். அதற்குப் பிறகு நாற்பதுக்கும் மேல் கண்டுபிடித்துவிட்டார்கள்.

எனக்கு ஆகப் பிடித்தது வேறொன்று. 2147483647ஆல் வகுத்து மீதி எடுக்கும்போது 2இன் ரவுண்டு வெறும் 31 எட்டு. அதே இடத்தில் 7ஐ எடுத்து 7, 49, 343 என்று பெருக்கிக்கொண்டே போனால் ரவுண்டு முடிய 2147483646 எட்டு ஆகும், ஒரு மீதியைக்கூட விடாமல் எல்லா மலைக்கும் போய்த்தான் திரும்பும். 7இன் ஐந்தாம் வலுவான 16807க்கும் அப்படியே. 1988இல் பார்க், மில்லர் என்ற இருவர் கம்ப்யூட்டரில் எழுந்தமான எண்களை உண்டாக்க இந்த 16807ஐப் பரிந்துரைத்தது இதனால்தான்.

சரி, இனி உங்கள் முறை. 311, 1303, 1489 மூன்றையும் செய்து பழகிய பிறகு 2^29−1ஐ எடுங்கள், அதாவது 536870911. 58இன் மடங்கோடு 1 கூட்டிக்கொண்டே போங்கள், 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வருவதை மட்டும் பட்டியலில் வையுங்கள். பட்டியலின் முதல் எண் 5இல் முடியும், அதை அடித்துவிட்டு இரண்டாவதில் இரட்டிப்பு வழியைப் போட்டுப் பாருங்கள்.